கம்ப்யூட்டர் பாட்டில் ஹம்மிங்: யு.எஸ்.பி. ஐசோலேட்டரை யாருக்கு விற்கலாம்?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருப்பவர்கள் முதல் தாலுகா ஊர்களில் டி.வி., மிக்ஸியோடு நாலு ஸ்பீக்கரும் வைத்து விற்பவர்கள் வரை, நம் எலக்ட்ரானிக்ஸ் உறுப்பினர்களிடம் இப்போது ஒரு சிறு சாமானைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். பெயர் யு.எஸ்.பி. ஐசோலேட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். மறுபக்கத்தில் பாட்டுக் கருவியின் வயரைச் செருக வேண்டும். மலிவானதும் உண்டு, அதைப்போல் பத்து, இருபது மடங்கு விலையுள்ளதும் உண்டு. இரண்டையும் மேசை மேல் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதை விற்பதில் லாபம் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் சரக்கும் இதில்தான் அதிகம். காரணம், யாருக்கு இது பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பது விற்கிறவருக்கும் தெரிவதில்லை, வாங்குகிறவருக்கும் தெரிவதில்லை. நம் கடை கவுண்டரிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அதிலிருந்து கற்றதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

வாடிக்கையாளர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்: "சார், பாட்டு நல்லாத்தான் பாடுது. ஆனா பாட்டு நின்னதும் அடியில 'உம்ம்'னு ஒரு சத்தம். மவுஸை நகர்த்தினா 'கீய்ங்'குனு இழுக்குது. ஸ்பீக்கரை மாத்தணுமா?"

ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதில்லை. புது ஸ்பீக்கரை விற்றுவிட்டால் அதிலும் இதே சத்தம் வரும். பிறகு அவர் நம் கடைப் பக்கமே வரமாட்டார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிபையர் வாங்கிக்கொள்ளும் மின்னலையாக மாற்றித் தருவது டி.ஏ.சி. என்னும் கருவி. வீட்டில் நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இன்று கம்ப்யூட்டர், டி.ஏ.சி., ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர் என்ற வரிசையில் இணைக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் டி.ஏ.சி.க்கும் நடுவே போவது யு.எஸ்.பி. வயர். அந்த வயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. ஒன்று 5 வோல்ட். ஒன்று கிரவுண்டு. மற்ற இரண்டும் எண்களைக் கொண்டு போகிறவை.

தொல்லை தருவது அந்தக் கிரவுண்டுக் கம்பிதான்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு த்ரீ பின் பிளக். அதன் எர்த் சுவரில் உள்ள எர்த்துக்குப் போகிறது. பெரிய ஆம்ப்ளிபையருக்கும் த்ரீ பின் பிளக் என்றால் அதுவும் இன்னொரு பிளக் பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. இப்போது இரண்டையும் யு.எஸ்.பி. வயரும், டி.ஏ.சி.யிலிருந்து போகும் ஆர்.சி.ஏ. வயரின் மேலுறையும் சேர்த்துக் கட்டிவிட்டன. ஆக எர்த்திலிருந்து புறப்பட்டு, கம்ப்யூட்டர், டி.ஏ.சி., ஆம்ப்ளிபையர் வழியாகச் சுற்றி மறுபடி எர்த்துக்கே வரும் ஒரு வளையம் உண்டாகிவிட்டது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த் லூப்' என்கிறார்கள். இரண்டு கிணறுகளுக்கு நடுவே குழாய் பதித்தால், இரண்டின் நீர்மட்டமும் சமமாக இல்லாதவரை குழாயில் தண்ணீர் ஓடத்தான் செய்யும். அதுபோல இரண்டு பிளக் பாயிண்ட்டின் எர்த்துக்கும் நடுவே சிறு வோல்ட் வித்தியாசம் இருந்தால், இந்த வளையத்தில் கரண்ட் ஓடும். அது ஆர்.சி.ஏ. வயரின் உறை வழியாக ஓடும்போது பாட்டோடு கலந்துவிடுகிறது.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் அந்த 'உம்ம்' சத்தம் கேட்கிறது. டி.ஏ.சி.யிலிருந்து வரும் பாட்டின் உச்ச அளவே சுமார் 2 வோல்ட்தான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட் கலந்தாலும், பாட்டின் மெல்லிய இடங்களில் இரவு நேரத்தில் காதில் படும். மவுஸை நகர்த்தும்போது வரும் கீச்சுச் சத்தம் கம்ப்யூட்டரின் உள் வேலையால் கிரவுண்டில் உண்டாகும் இரைச்சல். அதுவும் இதே வழியில்தான் வருகிறது.

லேப்டாப்பின் கதை சற்று வேறு. அதன் அடாப்டருக்குள் இரைச்சலைத் தடுக்க ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கும். அது மெயின்ஸ் பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் தொட்டுக்கொண்டு நிற்பதால் மிகச் சிறிய கரண்ட் கசியும். இரண்டு பின் அடாப்டர் போட்ட உலோக லேப்டாப்பைக் கையால் தடவினால் சுருசுருவென்று ஒரு உணர்ச்சி வருகிறதே, அது இந்தக் கசிவுதான். ஆபத்தில்லாத அளவு என்றாலும், யு.எஸ்.பி. கிரவுண்டு வழியாக ஆம்ப்ளிபையரின் எர்த்தைத் தேடிப் போகும்போது இரைச்சலாகக் கேட்கும்.

பெட்டி என்ன செய்கிறது?

ஐசோலேட்டர் செய்வது ஒரே வேலை. எண்களைக் கடத்துகிறது, கிரவுண்டுக் கம்பியை நடுவில் வெட்டிவிடுகிறது. கம்பித் தொடர்பு இல்லாமல் எண்கள் எப்படிப் போகும் என்று கேட்கலாம். அனலாக் டிவைசஸ் கம்பெனியின் ஏ.டி.யு.எம்.4160 போன்ற சிப்புகளில் மிகச் சிறிய கம்பிச் சுருள்கள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றன. நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம். டிரான்ஸ்பார்மரைப் போலவே காந்தத்தின் மூலம் செய்தி தாண்டிப் போகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஐ.எஸ்.ஓ.யு.எஸ்.பி.211 போன்றவற்றில் கெபாசிட்டர் முறை. டி.ஏ.சி.க்கு வேண்டிய 5 வோல்ட்டையும் கம்பித் தொடர்பில்லாமல் அனுப்ப வேண்டும் அல்லவா? அதற்குப் பெட்டிக்குள் ஒரு சிறிய டிசி-டிசி கன்வர்ட்டர் இருக்கும். இந்தச் சிப்புகள் முதன்மையாக மருத்துவக் கருவிகளையும் தொழிற்சாலைக் கருவிகளையும் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைப்பதற்கு வந்தவை. பாட்டுக் கேட்பவர்கள் அவற்றைத் தமக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

வளையம் அறுந்ததும் கரண்ட் ஓட வழியில்லை. எர்த் லூப் ஹம்மிங் என்றால், பெட்டியைச் செருகிய அந்த நிமிடமே சத்தம் போய்விடும். இரண்டு நாள் ஓடினால்தான் தெரியும், பழகப் பழகச் சரியாகும் என்பதெல்லாம் இதில் கிடையாது.

விற்கும் முன் கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு நம் கடையில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் ஐசோலேட்டர் வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். ஹம்மிங் அப்படியே இருக்கிறது என்றார். விசாரித்தால், அவருடைய ஆம்ப்ளிபையரில் ரெக்கார்ட் பிளேயரும் மாட்டியிருக்கிறது. அதன் எர்த் வயர் கழன்று கிடக்கிறது. ஹம்மிங் அங்கிருந்து வந்திருக்கிறது. வயரை முறுக்கி ஸ்குரூவில் மாட்டியதும் சரியாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவருக்கு அந்த அலைச்சலே இருந்திருக்காது.

முதல் கேள்வி: ஆம்ப்ளிபையரின் வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் சத்தம் வருகிறதா? வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்ளிபையருக்குள்ளேயே இருக்கும். பவர் சப்ளை கெபாசிட்டர் வற்றியிருக்கலாம். மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். இரண்டாவது: யு.எஸ்.பி. வயரை மட்டும் உருவிவிட்டால் சத்தம் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் ஐசோலேட்டரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேபிள் டி.வி. வயர் செட்டாப் பாக்ஸ் வழியாக அதே ஆம்ப்ளிபையருக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான். அந்தக் கேபிளை உருவினால் வீடு அமைதியாகிவிடும்.

லேப்டாப் வைத்திருப்பவருக்கு இன்னும் சுலபம். சார்ஜர் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஐசோலேட்டர் பயன்படும் என்று தைரியமாகச் சொல்லலாம். அவர் பேட்டரியிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டாலும் போகட்டும். செலவில்லாத வழி இன்னொன்றும் உண்டு: கம்ப்யூட்டர், டி.ஏ.சி., ஆம்ப்ளிபையர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. லோடு தாங்கும் நல்ல பாக்ஸாக இருக்க வேண்டும். எர்த் வித்தியாசம் குறைந்து பாதித் தொல்லை அதிலேயே தீர்வது உண்டு. ஐசோலேட்டர் விற்கவில்லையே என்று வருந்த வேண்டாம்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விற்றிருப்போம்.

டி.ஏ.சி.யிலும் கம்ப்யூட்டரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் ஐசோலேட்டரே வேண்டாம். 1983-ல் தோஷிபா கம்பெனி கொண்டுவந்த டாஸ்லிங்க் முறை அது. பாட்டு வெளிச்சமாகப் போகிறது. கம்பியே இல்லாதபோது எர்த் லூப் எங்கிருந்து வரும்? ஒரு ஆப்டிகல் வயரோடு காரியம் முடிந்துவிடும்.

எர்த் பின்னை வெட்டும் வழக்கம்

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஹம்மிங் என்று சொன்னதும் "த்ரீ பின்ல எர்த் பின்னைக் கழட்டிடுங்க, நின்னுடும்" என்று யோசனை சொல்லும் பழக்கம் நம் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. சத்தம் நிற்பதும் உண்மை. வளையம் அறுகிறது அல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன் நம் கடைப் பையன் ஒரு வாடிக்கையாளருக்கு இப்படித்தான் சொல்லி, அவர் கண்முன்னே பின்னைக் கழற்றியும் கொடுத்தான். அவரும் சந்தோஷமாகப் போனார். இரண்டு வருடம் கழித்து அதே ஆம்ப்ளிபையர் சர்வீஸுக்கு வந்தது. "தூசி துடைக்கும்போது வீட்டுல அவங்களுக்கு ஷாக் அடிச்சுதுங்க, கையை உதறிட்டு விழுந்துட்டாங்க" என்றார். டெஸ்டரை மேல் மூடி ஸ்குரூவில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் கெட்டு மெயின்ஸ் கரண்ட் உலோகப் பெட்டிக்கு வந்திருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் அந்த வழியாகப் போய் பியூஸ் எரிந்திருக்கும், வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது டிரிப் ஆகியிருக்கும். எர்த் இல்லாததால் யாராவது தொடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கையில் ஈரத்துணி இல்லாதது நம் அதிர்ஷ்டம், அவர்களுடைய அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து நம் கடையில் எர்த் பின்னில் கை வைப்பதில்லை. ஐசோலேட்டரை நாம் ஆதரிப்பதற்கு முதல் காரணமும் இதுதான். எர்த் பின் வெட்டுவதும் வளையத்தை அறுக்கிறது, ஐசோலேட்டரும் வளையத்தை அறுக்கிறது. ஆனால் ஐசோலேட்டர் 5 வோல்ட் பக்கத்தில் அறுக்கிறது. 230 வோல்ட் பக்கத்தின் பாதுகாப்பில் கை வைப்பதில்லை. ஆம்ப்ளிபையரின் எர்த், கம்ப்யூட்டரின் எர்த் இரண்டும் அதனதன் இடத்திலேயே இருக்கின்றன. பிளக்கை வெட்டிவிட்டு வந்து நிற்கிற வாடிக்கையாளருக்கு முதலில் ஒரு புது த்ரீ பின் டாப்பை விற்றுவிட்டு, பிறகு மற்றதைப் பேசுங்கள்.

இது மனிதாபிமானம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொருளைத் தயாரிக்காத வெறும் விற்பனையாளரும், அந்தப் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால் பொறுப்பாளி ஆகிறார். கவுண்டரில் பிளக்கை வெட்டிக் கொடுப்பது மாற்றியமைப்பது அல்லாமல் வேறென்ன?

எந்த வேகம்?

இனி சரக்கு வாங்கும் விஷயம். ஐசோலேட்டர்களில் இரண்டு வகை. ஒன்று 'ஃபுல் ஸ்பீடு': வினாடிக்கு 12 மெகாபிட். மற்றது 'ஹை ஸ்பீடு': 480 மெகாபிட். மலிவாக வருபவற்றில் பெரும்பாலும் முன்னே சொன்ன 4160 அல்லது அதன் தம்பியான 3160 சிப் இருக்கும். இவை 12 மெகாபிட் வகை. பெயரில் 'ஃபுல்' என்றிருப்பதைப் பார்த்து முழு வேகம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நம்மிலேயே உண்டு. யு.எஸ்.பி. 1996-ல் வந்தபோது அதுதான் முழு வேகம். 480 வந்தது 2000-ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. 2.0-வோடு.

12 மெகாபிட் பாட்டுக்குப் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சி.டி. தரத்தில் வினாடிக்கு 44,100 எண்கள், எண்ணுக்கு 16 பிட், இடம் வலம் இரண்டு சேனல். பெருக்கினால் 14,11,200 பிட். ஒரு கோடியே இருபது லட்சத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. அடுத்து 96,000 எண்கள், 24 பிட் என்ற உயர்ந்த தரம்: 46,08,000 பிட். இதுவும் தாராளமாகப் போகும். அடுத்து 1,92,000 எண்கள், 24 பிட்: 92,16,000 பிட். இதுவும் ஒரு கோடியே இருபது லட்சத்துக்குள்தானே என்று தோன்றும். ஆனால் ஃபுல் ஸ்பீடு விதிப்படி ஒரு பாட்டு ஓட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு 1,023 பைட் மட்டுமே அனுமதி. அதாவது வினாடிக்கு 81,84,000 பிட். 92 லட்சம் அதில் அடங்காது.

ஆகவே வாடிக்கையாளரிடம் டி.ஏ.சி.யின் மாடலைக் கேட்டுக்கொள்ளுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல் என்று விளம்பரம் செய்யும் டி.ஏ.சி. என்றால் அது ஹை ஸ்பீடில் ஓடுவது. அதை 12 மெகாபிட் பெட்டியில் மாட்டினால் சில மாடல்கள் குறைந்த தரத்துக்கு இறங்கிப் பாடும். சிலவற்றைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே செய்யாது. பழைய எளிய டி.ஏ.சி.க்களுக்கு மலிவுப் பெட்டியே போதும். மொத்த வியாபாரிகள் இரண்டு வகையையும் கலந்து அனுப்பாமல், பெட்டி மேல் 12 அல்லது 480 என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் சில்லறைக் கடைக்காரர்கள் வாழ்த்துவார்கள்.

அடுத்தது கரண்ட். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரை தரும். மலிவுப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் 1 வாட் கன்வர்ட்டர். 5 வோல்ட்டில் 1 வாட் என்றால் 200 மில்லிஆம்பியர். ஹெட்போன் ஆம்ப்ளிபையரும் சேர்ந்த டி.ஏ.சி.க்கு இது பற்றாமல் போகலாம். மெதுவாகப் பாடும்போது ஒழுங்காக இருக்கும். வால்யூமைக் கூட்டினால் படக்கென்று அணைந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு வெளியிலிருந்து தனி 5 வோல்ட் கொடுக்கும் துளை உள்ள பெட்டியைக் கொடுங்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. அந்த 5 வோல்ட்டுக்குச் செருகும் அடாப்டரின் வெளியீடு எர்த்தோடு இணைந்திருந்தால், நாம் அறுத்த வளையத்தை அதுவே மறுபடி முடிச்சுப் போட்டுவிடும்; அடாப்டரின் கசிவும் திரும்ப வந்து சேரும். தனி கரண்ட் பிளக் உள்ள டி.ஏ.சி.க்கு இந்தக் கவலை இல்லை. அது ஐசோலேட்டரிடம் அதிகக் கரண்ட் கேட்காது.

மலிவுக் கன்வர்ட்டர்கள் தாமே சிறிது இரைச்சலை உண்டாக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹம்மிங் போய், அதற்குப் பதில் மெல்லிய 'ஸ்ஸ்' வந்துவிட்டது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

சொல்லக்கூடாதவை

விளம்பரங்களில் ஐசோலேட்டர் போட்டால் பாட்டு இனிக்கும், பாடகர் எதிரில் நிற்பதுபோல் இருக்கும், பாஸ் இறுகும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எண்கள் ஐசோலேட்டருக்கு முன்னும் அதேதான், பின்னும் அதேதான். எண் தவறினால் டிக் டிக் என்று வெட்டும் அல்லது பாட்டு நிற்கும். இனிமை கூடவோ குறையவோ செய்யாது. இப்போதைய டி.ஏ.சி.க்களில் பெரும்பாலானவை தம் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிடமிருந்து வேண்டும் அளவுக்கு எண்களைக் கேட்டு வாங்கும் முறையில் ஓடுபவை. வயரில் நேரம் சற்று முன்பின் ஆவதால் பாட்டின் காலம் மாறுவதில்லை. இரைச்சலே இல்லாத ஒரு செட்டில் ஐசோலேட்டரை மாட்டியும் கழற்றியும் நம் கடையில் கேட்டுப் பார்த்தோம். எது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கவுண்டரில் நாற்பது வருடம் ஸ்பீக்கர் கேட்ட காதுகளும் அதில் இருந்தன.

இடி மின்னலிலிருந்து காக்கும் என்றும் சொல்லி விற்கக் கூடாது. சிப்பின் தடை பல ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று எழுதியிருப்பது உண்மைதான். 4160 சிப்புக்கு 5,000 வோல்ட், 3160-க்கு 2,500. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் அளவு. சிப்புக்கு மட்டும்தான் பொருந்தும். பெட்டிக்குள் இருக்கும் கன்வர்ட்டரின் தாங்கும் திறன் வேறு; பெட்டி முழுவதற்கும் அந்த உறுதி கிடையாது.

"வாயால் சொன்னதுதானே, பில்லில் எழுதவில்லையே" என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன 2019 சட்டத்தின் 2(47) பிரிவு, பொருளின் தரம் பற்றிய பொய்யான கூற்று வாய்மொழியாக இருந்தாலும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதையும் அதே பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்குவதற்குப் பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ளப்படும். எனவே பில்லில் கெடுவை எழுதுங்கள்; கூடவே "எர்த் லூப் ஹம்மிங்குக்கு மட்டும், 12 மெகாபிட்" என்று கையால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நாம் அப்படி எழுதத் தொடங்கிய பின் தகராறு வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திரும்பக் கொடுக்கலாம் என்றும் சொல்லுகிறோம். சத்தம் போகிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் சாமானுக்கு இதில் நமக்கு நஷ்டம் குறைவு.

இறக்குமதிச் சரக்கு என்றால் பாக்கெட்டையும் பார்த்து வாங்குங்கள். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், விலாசம், தயாரித்த நாடு, மாதமும் வருடமும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லவேண்டிய தொலைபேசி ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கவரில் எதுவும் எழுதாமல் வரும் பெட்டிகளை வாங்கி அடுக்கினால், எடையளவு ஆய்வாளர் வரும்போது அனுப்பியவர் வந்து நிற்கமாட்டார். தனி அடாப்டர் சேர்த்து வரும் மாடலாக இருந்தால் அடாப்டரின் மேல் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.